பை நின்ற வரிசை

அக்காவுக்கு நடக்க வரும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு வந்த தொல்லை அத்தனையும் அவளுக்கு நடக்க வந்ததால் வந்ததுதான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வந்திருந்தாலோ, கக்கத்தில் கட்டை ஊன்றி வந்திருந்தாலோ யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவளோ புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, வேனிலிருந்து தானாகவே இறங்கி நடந்தாள். கொஞ்சம் ஆடி ஆடித்தான் நடப்பாள். தெரியாதவர்களுக்கு அது ஒய்யாரமாக நடப்பது போலத் தெரியும்.

வந்ததெல்லாம் மெதுவாக வந்தது. முதலில் படி ஏறத் திணறினாள். பிறகு தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. குப்புறத் திரும்பி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுகிறவள் போல எழுந்து நிற்பாள். நின்றுவிட்டால் சிரிப்பாள். மதுரையில் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனோம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரி முடித்தவனும் நான்தான். வெள்ளைச் சட்டைக்காரர்கள் பேசும் இடமென்றால் அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள். தசை கரைகிற நோய் என்றார் டாக்டர். இடுப்பும் தொடையும் முதலில், தோளும் கையும் பிறகு, கடைசியில் மூச்சு. திருப்பிக் கொண்டுவர மருந்து கிடையாது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். எல்லாவற்றையும் தமிழில்தான் சொன்னார். அக்காவும் பக்கத்தில்தான் இருந்தாள். போடிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் வழி முழுக்கச் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இன்றைக்கு அவள் கட்டிலை விட்டுச் சன்னலுக்கு வரவே ஒரு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. நான் சொல்லப்போவது அவள் நடந்துகொண்டிருந்தபோது நடந்தது.

அப்போது அவள் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். மலையிலிருந்து வரும் காயைக் குவித்து வைத்துப் பச்சையை, பழுப்பை, வெடித்ததை, பொடியைத் தனித்தனியாகப் பிரிக்கிற வேலை. எல்லாரும் தரையில் உட்காருவார்கள், இவளுக்கு மட்டும் ஒரு பலகை போட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருதடவை கடை முதலாளி வேன் பிடித்துக் கொடுத்துப் பெண்களைச் சுற்றுலா அனுப்புவார். திருச்செந்தூர், பழநி என்று சாமி பார்க்கத்தான் போவார்கள். அந்த வருஷம் இளவட்டப் பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ராட்டினமும் தண்ணீர் விளையாட்டுமாக ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது, அங்கேதான் போக வேண்டும் என்று.

அக்காவோடு ஒரே குவியலில் காய் பொறுக்குகிற பெண் ஒருத்தி. தேவாரத்திலிருந்து போடிக்கு வாக்கப்பட்டு வந்ததால் எங்களுக்கு அவள் தேவாரத்து அக்கா. அவள் தன் போனில் அந்தப் பூங்காவின் படகை அக்காவுக்குக் காட்டியிருக்கிறாள். சங்கிலி இழுக்க இழுக்கப் படகு உயரத்துக்குப் போகும். அங்கிருந்து செங்குத்தாகத் தண்ணீரில் வந்து விழும். விழும்போது படகில் இருக்கிற அத்தனை பேரும் கத்துவார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னிடம் சொன்னாள்.

"எனக்கு அதுல ஏறணும் தம்பி. ஏறி, மேல இருந்து விழுகும்போது நல்லா கத்தணும். அடிவயித்துல இருந்து கத்தணும்."

"கத்தணும்னா இங்கயே கத்து. யாரு வேண்டாங்கிறா?"

"இங்க கத்துனா நீங்கள்லாம் என்னாச்சு ஏதாச்சுன்னு ஓடி வருவீக. ஆத்தா அழுகும். அங்க கத்துனா யாரும் ஏன்னு கேக்க மாட்டாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் மூச்சு என்று டாக்டர் சொன்னதை அவள் எத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. அந்தப் படகில் ஏறக் காலைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். அந்த வருஷம் அவளால் அது முடியும். அடுத்த வருஷம் முடியுமா என்பதை யாரும் சொல்ல முடியாது. ஏறினால் இந்தத் தடவைதான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் எழுதியிருப்பதை நம்புகிறவன். பூங்காவின் இணையதளத்தில் தேடிப் படித்தேன். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், துணைக்கு ஒருவரோடு தனி வழியில் போகலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அட்டை அக்காவிடம் இருந்தது, அலைந்து திரிந்து நான் வாங்கித் தந்ததுதான். துணையாக நானே கிளம்பினேன். வேன் நிறையப் பெண்கள், நடுவில் நான் ஒருவன். போடிமெட்டு வளைவுகளில் வேன் ஏறும்போது தேவாரத்து அக்கா தொடங்கிவிட்டாள்.

"தம்பி, அக்காவுக்குத் தொணையா வந்தியா, இல்ல எங்க கூட்டத்துல பொண்ணு பாக்க வந்தியா?"

"அவன் படிச்ச மாப்ளடி. காய் பொறுக்குறவளக் கட்டுவானா?" என்றாள் பின்சீட்டிலிருந்து ஒருத்தி.

"ஏன், காய் பொறுக்குறவதான் நல்லது கெட்டது பாத்துப் பொறுக்குவா. அவனப் பாத்ததும் சொத்தைன்னு தள்ளிருவா."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லைச் சாவடி தாண்டும்வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

பூங்கா வாசலில் எல்லாம் எழுதியபடியே நடந்தது. அட்டையைப் பார்த்தார்கள், அக்காவின் கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். "இதைக் காட்டினால் வெளியே வருகிற வழியாகவே உள்ளே போகலாம்" என்று அந்தப் பெண் மலையாளமும் தமிழும் கலந்து மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. தேவாரத்து அக்கா கையை நீட்டினாள். "எங்களுக்கும் ஆளுக்கொரு பட்டையக் கட்டி விடுங்கம்மா. நாங்களும் நேரா உள்ள போயிர்றோம்." எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். ஆனால் பட்டை கட்டிய கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

முதலில் பெரிய ராட்டினம். வரிசை வளைந்து வளைந்து கிடந்தது. எங்கள் கூட்டம் வரிசையில் போய் நின்றது. நானும் அக்காவும் மறுபக்கமாக, எல்லாரும் இறங்கி வருகிற வழியாகப் போனோம். காவலர் பட்டையைப் பார்த்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றினார். வரிசையின் முன்னால் நின்றிருந்த ஒருவர் திருப்பூர்ப் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும், பேச்சு அப்படி இருந்தது. தோளில் ஒரு சின்னப் பெண். வெயிலில் நின்று நின்று முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஏனுங்க, நாங்க எத்தனை நேரமா நிக்கறோம். இவங்க பாட்டுக்கு வர்றாங்க, உள்ள போறாங்க. என்னங்க நியாயம்?"

"அவர்க்கு பேன்டு உண்டு சாரே" என்று அக்காவின் கைப்பட்டையைக் காட்டினார் காவலர்.

"நல்லாத்தானே நடக்குறாங்க?"

தோளில் இருந்த பெண் குனிந்து கேட்டாள். "அப்பா, அந்த அக்காவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல கண்ணு. கூடக் காசு குடுத்திருப்பாங்க."

ராட்டினம் உச்சியில் நின்றபோது தென்னைகளும் தூரத்தில் ஆறும் தெரிந்தன. அக்கா எதையும் பார்க்கவில்லை, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியதும் நான் நேராக, அடுத்த சுற்றுக்காக இன்னும் வரிசையில் நின்ற அந்த மனிதரிடம் போனேன். "சார், நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. இவங்களுக்குத் தசை நோய். பாக்கத்தான் நல்லா இருப்பாங்க. கொஞ்ச நேரம் நின்னா கால் விட்டுரும். அரசாங்க அட்டை இருக்கு" என்று சட்டைப்பையில் கைவிட்டேன். அதற்குள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள் அக்கா.

"எங் கால ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பிரிச்சுக் காட்டணுமா?"

"அவரு தப்பா நெனைக்கிறாருக்கா."

"நெனைச்சுட்டுப் போறாரு. அவரு பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெயில்ல நிக்கிறாரு. நமக்கு முன்னாடி வந்தவரு. நான் அவரா இருந்தாலும் கேக்கத்தான் செய்வேன்."

அட்டையைச் சட்டைப்பைக்குள்ளேயே விட்டேன். எனக்கு எழுதியிருந்த விதி தெரியும். அவளுக்குத் தெரிந்தது வேறு.

படகுக்கு வந்தபோது அவள் ஆரஞ்சுப் பட்டையை முழங்கைக்கு மேலே தள்ளிச் சுடிதார்க் கைக்குள் மறைத்திருந்தாள்.

"நான் இவுக கூட வரிசையிலயே வர்றேன்."

"உன்னால அவ்வளவு நேரம் நிக்க முடியாதுக்கா."

"நிக்கப்போறேன்னா சொன்னேன்? பைய வைக்கிறேன்."

போடியில் மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். விடிவதற்கு முன்பே ஜீப்பு நிற்கிற இடத்தில் ரோட்டோரமாகப் பைகளும் தூக்குவாளிகளும் வரிசையாக நிற்கும். ஆட்கள் நிற்க மாட்டார்கள். வந்ததும் தன் பையை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு டீக்கடைப் பெஞ்சிலோ, கடை அடைத்த வாசலிலோ போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஜீப்பு வர வர, முன்னால் இருப்பவர்கள் ஏற ஏற, யாராவது காலால் மெல்லத் தள்ளிப் பைகளை முன்னுக்கு நகர்த்துவார்கள். பிள்ளைத்தாய்ச்சியின் பையும், இடுப்பு பிடித்துக்கொண்டவளின் பையும், நேற்றுத்தான் வேலைக்கு வந்தவளின் பையும் ஒன்றுபோல நிற்கும். அடுத்தவர் பையைத் தாண்டித் தன் பையை வைத்தவரை நான் பார்த்ததில்லை. கால் நன்றாக இருந்த காலத்தில் அக்காவும் அம்மாவோடு அப்படித்தான் காய் எடுக்க மலையேறிக்கொண்டிருந்தாள். பை நின்றால் ஆள் நின்ற மாதிரி. அது எங்கும் செல்லும் என்றே அவள் நினைத்திருந்தாள். சொல்லப்போனால் நானும்.

அக்கா தன் மாற்றுத் துணி வைத்திருந்த மஞ்சள் பையைத் தேவாரத்து அக்காவுக்கு முன்னால் தரையில் வைத்தாள். பக்கத்திலேயே ஒரு மரமும் அதைச் சுற்றிக் குட்டைச் சுவரும் இருந்தன. அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகவே நடந்தது. வரிசை நகர நகரத் தேவாரத்து அக்கா பையைக் காலால் தள்ளிக்கொண்டே போனாள். "ஏ, ஒன் பை ரொம்பக் கனக்குதுடி. உள்ள என்ன, ஒனக்கு வரப்போற மாமியாளா?" என்று கத்துவாள். "மாமியா வந்தா நானே எந்திரிச்சு ஓடிருவேனே" என்று மரத்தடியிலிருந்து இவள் பதில் சொல்வாள். உட்கார்ந்தபடியே அக்கா வரிசையில் முன்னேறிக்கொண்டிருந்தாள். யாரையும் முந்தவில்லை. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவள் முகத்தில் இருந்த தெளிவை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

வரிசை கம்பித் தடுப்புக்குள் திரும்புகிற இடத்தில் பின்னால் இருந்த கல்லூரிப் பையன்கள் பக்கவாட்டில் வந்து பையைத் தாண்டி முன்னால் நின்றார்கள்.

"ஏப்பா, ஆளு இருக்கு" என்று மறித்தாள் தேவாரத்து அக்கா.

"எங்க இருக்கு? பைதான் இருக்கு."

"அந்தா ஒக்காந்திருக்கில்ல, கண்ணு அவிஞ்சு போச்சா? பை நிக்குதில்ல, அப்புறம் என்ன?"

சத்தம் கேட்டுக் காவலர் வந்தார். சின்ன வயசுப் பையன். பையைத் தூக்கித் தடுப்புக்கு வெளியே வைத்தான். "பேக் வெச்சா போரா சேச்சி, ஆளு வேணம்." பை போதாது, ஆள்தான் வேண்டுமாம். நான் ஓடிப்போய் நிலைமையைச் சொன்னேன். பட்டை இருந்தால் அந்தப் பக்க வழியில் போகலாமே, பையை ஏன் இங்கே வைக்க வேண்டும் என்று அவன் கேட்டான். அவன் கேட்டது நியாயம். அதற்குள் வரிசையின் பின்னால் இருந்து ஒரு குரல். திருப்பூர்க்காரர்தான்.

"காலைல அந்த வழியில நேரா உள்ள போனாங்க. இப்ப இங்க பைய வெச்சு எடம் புடிக்கறாங்க. எல்லாப் பக்கமும் அவங்களுக்கேவா?"

அக்கா எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்து, தொடையைப் பிடித்து, வழக்கம்போல. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். வந்து பை இருந்த இடத்தில் நின்றாள்.

"இப்ப ஆளு நிக்கிது. போதுமா?"

"அக்கா, வேண்டாம். வா, அந்த வழியாப் போவோம். கால் போயிரும்" என்றேன்.

"நீ சும்மா இரு தம்பி. நிக்கணும், அம்புட்டுத்தான? ஒருக்கா எல்லாரையும் போல நின்னு ஏறுனோம்னு இருக்கட்டும்."

நின்றாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தேவாரத்து அக்கா, முதுகுக்குக் கம்பி. தகரக் கூரை கொதித்தது. வரிசை நகரும், நிற்கும், மறுபடி நகரும். அவள் கதை சொன்னாள், கடை முதலாளி மாதிரிப் பேசிக் காட்டினாள், சிரிக்க வைத்தாள். நான் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்கு மேலே சுடிதார்த் துணி காற்றே இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. என் தோளில் இருந்த அவள் கை கனத்துக்கொண்டே வந்தது. திரும்பிப் போகலாம் என்று மறுபடியும் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்தாச்சே என்றாள்.

வரிசை கடைசியில் ஓர் இரும்புப் படிக்கட்டில் போய் முடிந்தது. தனி வழியில் சரிவுப் பாதை இருக்கிறது, பொது வழியில் படிதான் என்பது எங்களுக்குத் தெரியாது. முதல் படி ஏறினாள். இரண்டாவதில் இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கி வைத்தாள். அடுத்த படிக்குக் கால் வரவே இல்லை. வரிசை அப்படியே நின்றது. இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். பின்னாலிருந்து திருப்பூர்க்காரர் மகளைக் கீழே இறக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"தம்பி, நானொரு கை புடிக்கட்டுங்களா?" என்றார். அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"வேண்டாண்ணே. நீங்க ஏறுங்க. பிள்ள காத்துக்கிட்டு இருக்கு" என்றாள் அக்கா.

அவளைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி இறங்கினேன். எங்களுக்கு வழிவிட, வரிசை முழுவதும் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. காவலர் பையன் எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். சரிவுப் பாதை வழியாக மேலே போனோம். படகு நின்றுகொண்டிருந்தது. எங்கள் கூட்டம் படியேறி வந்து அதில் உட்கார்ந்துவிட்டிருந்தது. முன்சீட்டில் எங்கள் இருவருக்கும் இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

படகுகளை அனுப்புகிறவன் அக்காவைப் பார்த்துத் தயங்கினான். "சேச்சி தானா எழுந்து ஏறணும். பாதியில நின்னா இறங்கி நடக்கணும். அது ரூலாணு."

"நான் தூக்கி உக்கார வைக்கிறேன். நடுவுல நின்னா நானே தூக்கிட்டு எறங்குறேன்" என்றேன்.

அவன் சுவரில் இருந்த பலகையைக் காட்டினான். மூன்று மொழியில் எழுதியிருந்தது. படித்தேன். அவன் சொன்னது சரி. தனி வழி உண்டு என்று எழுதியிருந்ததை நம்பி வந்த நான், இதை மட்டும் எப்படி இல்லை என்பது?

"காலைல வந்திருந்தா ஏறியிருப்பேன் தம்பி" என்று அவனிடம் சொன்னாள் அக்கா. நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்து பார்த்தாள். பாதிக்கு வந்தாள். உடம்பு அங்கேயே நின்று ஆடியது. உட்கார்ந்தாள். மறுபடி ஒருதடவை. இந்த முறை பாதிக்கும் வரவில்லை. "ரெஸ்ட் எடுத்து வைகுந்நேரம் வரூ சேச்சி" என்று சாயங்காலம் வரச் சொன்னான் அவன், இரக்கமாக. அவளுடைய கால் ஒருதடவை ஓய்ந்தால் அன்றைக்குத் திரும்பாது. அதை அவனுக்கு விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

தேவாரத்து அக்கா படகிலிருந்து எழுந்தாள். "நானும் எறங்குறேன். இவ இல்லாம எனக்கு என்ன படகு?"

"உக்காருடி" என்றாள் அக்கா அதட்டலாக. "பின்னாடி சனம் நிக்கிது. ரெண்டு பேரும் ஏறாமப் போறதுக்கா மெட்டு ஏறி வந்தோம்? தம்பி, நீ விடுப்பா."

படகு போனது. முன்சீட்டு காலியாகவே போனது.

நாற்காலியைக் கீழே தண்ணீர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். சங்கிலிச் சத்தம் கேட்டது, நின்றது. பிறகு படகு விழுந்தது. அந்தக் கத்தலில் தேவாரத்து அக்காவின் குரல் தனியாகத் தெரிந்தது. தண்ணீர் எழும்பி எங்கள் மேலும் தெறித்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

சொட்டச் சொட்ட வந்தார்கள். வரும்வரை கேட்ட பேச்சும் சிரிப்பும் எங்களைப் பார்த்ததும் நின்றுபோயின. துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே தேவாரத்து அக்கா வேறு பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"ப்ச். ஒண்ணுமில்லடி. நம்ம மெட்டுல ஜீப்பு எறங்குமே, அம்புட்டுத்தான். இதுக்குப் போயி இத்தன சனம் நிக்கிது பாரு."

"பொய் சொல்லாத. நீ கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு."

தேவாரத்து அக்கா துப்பட்டாவை மறுபடி பிழிந்தாள்.

"மொதல்ல இருந்து ஒழுங்காச் சொல்லு. எதையும் விடாத."

தேவாரத்து அக்கா ஈரத்தோடு அப்படியே நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல மெதுவா இழுக்கும்டி. டக்கு டக்குன்னு. முதுகு அப்பிடியே பின்னாடி சாயும். வானம் மட்டுந்தான் தெரியும். உச்சிக்குப் போனதும் ஒரு நிமிசம் நிக்கும் பாரு, அப்பத்தான் பயம். கீழ ஆளுக எல்லாம் காய் மாதிரிக் கெடக்காக. நான் கம்பியப் புடிச்சுக்கிட்டேன். அப்புறம்..."

"ம். அப்புறம்?"

"அப்புறம் அடிவயிறு காணாமப் போயிரும். கீழ ஒண்ணுமே இருக்காது. கத்துனேன்."

அக்கா கண்களை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் நாற்காலிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. வாய் மெல்லத் திறந்தது. நாங்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தம் ஒன்றும் வரவில்லை.